ஜூடோகா: அந்தக் கடைசி ‘கா’ யாருக்கு?

2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் கபில் பர்மார் வெண்கலம் வென்றார். ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் ஜூடோவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அதுதான். இந்த மாதிரிச் செய்திகளில் வீரரின் பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும் சொல் ஒன்று உண்டு: ‘ஜூடோகா’. ஜூடோ தெரியும், கராத்தே தெரியும். இந்த ‘கா’ எங்கிருந்து வந்தது?

ஜூடோ பழகுகிறவர் ஜூடோகா. ஒரே வரியில் இப்படிச் சொல்லிவிடலாம், அதில் தவறும் இல்லை. சர்வதேச ஜூடோ கூட்டமைப்பு அப்படித்தான் பயன்படுத்துகிறது. நேற்று வெள்ளை பெல்ட் கட்டிய எட்டு வயதுப் பிள்ளையும் ஜூடோகா, ஒலிம்பிக் சாம்பியனும் ஜூடோகா. ஆனால் சொல் பிறந்த ஜப்பானில் கதை கொஞ்சம் வேறு. அங்கே போன வாரம் சேர்ந்தவர் எழுந்து நின்று “நான் ஒரு ஜூடோகா” என்றால், கேட்பவர்கள் மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள், உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார்கள். ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, சொல்லைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஜப்பானிய எழுத்தில் இந்தச் சொல்லுக்கு மூன்றே எழுத்துகள். ஜூ, டோ, க. மூன்றுமே சீனாவிலிருந்து போனவை, மூன்றுக்கும் தனித்தனிப் பொருள் உண்டு. உச்சரிப்பில் ‘ஜூ’வும் ‘டோ’வும் நெடில், கடைசி எழுத்து குறில்தான். நாம்தான் தமிழ்ப் பழக்கத்தில் அதையும் ‘கா’ என்று நீட்டிவிட்டோம். ஜப்பானியர் வாயில் அந்த ‘டோ’ நம் டகரம்போல நாக்கை மடித்து வருவதும் இல்லை. நாக்கு மேற்பல்லின் பின்புறம் தட்டி, ‘உதயம்’ என்ற சொல்லில் வரும் தகரத்துக்கு அருகில் ஒலிக்கும். ஆங்கிலம் வழியாக வந்ததால் நமக்கு டகரம் கிடைத்தது. இனி அதை மாற்றப் போவதில்லை.

‘ஜூ’ என்றால் மென்மை, வளைந்துகொடுத்தல். மென்மை வன்மையை அடக்கும் என்ற பொருளில் பழைய சீனப் போர்நூல் ஒன்றில் வரும் வாசகம் ஜப்பானிய மல்லர்களுக்கு வேதவாக்குபோல. யானையைத் துளைக்கும் கோல் பஞ்சில் பாயாது என்கிற நம் பழம்பாட்டை அவர்கள் கேட்டிருந்தால் உடனே தலையாட்டியிருப்பார்கள்.

ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ இதைக் கணக்குப் போட்டே விளக்குவார். எதிராளியின் பலம் 10, என் பலம் 7 என்று வைத்துக்கொள்வோம். அவர் முழுப் பலத்தோடு தள்ளும்போது நானும் எதிர்த்துத் தள்ளினால், நான் விழுவேன். எதிர்க்காமல், அவர் தள்ளிய அளவுக்குப் பின்வாங்கி, என் நிலையை மட்டும் தளராமல் பார்த்துக்கொண்டால், எதிர்ப்பை நம்பி முன்னால் சாய்ந்த அவர் தடுமாறுவார். அந்தத் தடுமாற்றத்தில் அவரிடம் பயன்படும் பலம் 3 தான். என்னிடம் 7 அப்படியே இருக்கிறது. அதில் பாதியைச் செலவழித்தாலே அவரை வீழ்த்திவிடலாம்.

கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கானோவே அதோடு நிற்கவில்லை. பின்னாலிருந்து ஒருவர் இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டால் எங்கே வளைந்துகொடுப்பது? எல்லா இடத்திலும் ‘ஜூ’ உதவாது என்று அவரே எழுதினார். அதனால்தான் பிற்காலத்தில் ஆற்றலை மிகச் சிறந்த முறையில் பயன்படுத்து என்ற விரிந்த கொள்கையை முன்வைத்தார். அவர் தொடங்கிய கோடோகான் பயிற்சிக்கூடத்தின் சுவர்களில் ‘செய்ரியோகு ஜென்யோ’ என்று காண்பது அதைத்தான். இருந்தும் கலையின் பெயரில் ‘ஜூ’ அப்படியே தங்கிவிட்டது.

‘டோ’ என்றால் வழி, பாதை. சீனத்தில் ‘தாவோ’ என்று நாம் கேள்விப்பட்ட அதே சொல். இந்த ஓர் எழுத்துக்குப் பின்னால் பெரிய சண்டையே இருக்கிறது.

கானோவுக்கு முன்பு இந்தக் கலைக்கு ஜூஜுட்சு என்றுதான் பெயர். ‘ஜுட்சு’ என்றால் உத்தி, வித்தை. சாமுராய்கள் வாள் இல்லாத நேரத்தில் பயன்படுத்திய கைவித்தைகள் அவை. நூற்றுக்கணக்கான பள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் தனி ரகசியங்கள். 1868இல் மெய்ஜி ஆட்சி வந்தது. 1876இல் பொது இடத்தில் வாள் தரிப்பதே தடைசெய்யப்பட்டது. சாமுராய் என்ற வர்க்கமே கரைந்துபோன காலத்தில், ஜூஜுட்சு ஆசான்களுக்குச் சோற்றுக்கே வழி இல்லை. சிலர் காசு வாங்கிக்கொண்டு மேடையில் மோதிக் காட்டினார்கள். இன்னும் பலர் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வேலைக்குப் போனார்கள். கையை முறிக்கத் தெரிந்தவருக்குச் சேர்க்கவும் தெரியும் அல்லவா?

கானோ பிறந்தது 1860இல், இன்றைய கோபே நகரின் பகுதியான மிகாகேயில். சாகே மது வடிக்கும் பெரிய குடும்பம். ஆள் குள்ளம், மெலிந்த உடம்பு, விடுதியில் பெரிய பையன்களிடம் அடி வாங்கியவர். ஜூஜுட்சு கற்றால் தப்பிக்கலாம் என்று ஆசை. ஆனால் யாரிடம் போய்ச் சேர்வது? கானோ கையாண்ட வழி எனக்கு மிகவும் பிடிக்கும்: எலும்புக்கட்டு வைத்தியர்களைத் தேடித் தேடிப் போய் விசாரித்தார். கட்டுப் போடுகிறவர் பழைய ஜூஜுட்சு ஆளாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பது அவர் கணக்கு. கணக்கு பலித்தது. அப்படித்தான் 1877இல், பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அதே ஆண்டில், தென்ஜின் ஷின்யோ பள்ளியின் ஆசான் ஃபுகுடா ஹாச்சினோசுகேயிடம் போய்ச் சேர்ந்தார். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி வரும்.

ஃபுகுடா விளக்கம் சொல்லும் ஆசிரியர் இல்லை. கானோ தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்: ஒரு வீச்சை எப்படிச் செய்வது, கையை எங்கே வைப்பது, காலை எங்கே வைப்பது என்று கேட்டால், ஆசான் பதில் சொல்லாமல் அவரைத் தூக்கிப் போடுவார். எழுந்து வந்து மறுபடி கேட்டால் மறுபடியும் தூக்கிப் போடுவார். பலமுறை விழுந்தால் தானே புரியும் என்பது பழைய பாடமுறை. படிப்பாளியான கானோவுக்கு இது போதவில்லை. எந்தத் திசையில் எதிராளியின் சமநிலையைக் கலைத்தால் எந்த வீச்சு எளிதாக வரும் என்று காரண காரியத்தோடு அடுக்கினார். ஃபுகுடா இறந்த பிறகு வேறு இரு ஆசான்களிடம் கற்றார். 1882இல் தோக்கியோவின் ஷிதயா பகுதியில் எய்ஷோஜி என்ற புத்தக் கோயிலில் இடம் பிடித்து, 12 பாய் விரித்து, தன் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டில் சேர்ந்தவர்கள் 9 பேர். அதுதான் கோடோகான். இன்று தோக்கியோவில் உள்ள கோடோகானின் ஏழாம் மாடிப் பெரிய கூடத்தில் மட்டும் 420 பாய்கள்.

தன் முறைக்குப் பெயர் வைக்கும்போது ‘ஜுட்சு’வை எடுத்துவிட்டு ‘டோ’வைப் போட்டார். ஜூஜுட்சு என்றாலே ஆபத்தான முரட்டு வித்தை, காசுக்குக் காட்டும் வேடிக்கை என்று அன்றைய மக்கள் நினைத்தார்கள். கானோ நினைத்தது உடல், போட்டி, மனம் மூன்றையும் பண்படுத்தும் கல்வி. வித்தை கற்று முடித்துவிடலாம், வழியில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். தேநீர் பரிமாறும் சாடோ, தூரிகை எழுத்தின் ஷோடோ, வாள்வீச்சின் கெண்டோ எல்லாவற்றிலும் வருவது இதே ‘டோ’தான். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: ஜூடோ என்ற சொல்லைக் கானோ புதிதாகச் செய்யவில்லை. ஜிகிஷின் என்ற பழைய பள்ளி ஒன்று அதே பெயரை ஏற்கெனவே பயன்படுத்தியது. அதனால்தான் கானோ தன் முறையைத் தனித்துக் காட்ட ‘கோடோகான் ஜூடோ’ என்றார்.

இப்போது ‘கா’வுக்கு வருவோம்.

இந்த எழுத்தைப் பிரித்துப் பார்த்தால், மேலே கூரை, அதன் கீழே பன்றி. ஆம், பன்றிதான். கூரைக்கடியில் பன்றி எப்படி வீடு ஆனது என்பதற்கு எழுத்தியல் அறிஞர்கள் ஆளுக்கொரு விளக்கம் தருவார்கள். எழுத்தின் அடிப்படைப் பொருள் என்னவோ வீடு, குடும்பம்தான். ஜப்பானியத்தில் தனியாக வந்தால் ‘இஎ’ என்று படிப்பார்கள். வேறு சொற்களோடு சேரும்போது ‘கா’, ‘கே’, ‘யா’ என்று ஒலி மாறும்.

வீடு எப்படி ஆளாக மாறியது? பழைய சீனாவில், கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பு, கன்ஃபூசியஸ் வழியினர், தாவோ வழியினர், சட்டவாதிகள் என்று பல சிந்தனை மரபுகள் மோதிக்கொண்டிருந்தன. அவற்றை ‘நூறு வீடுகள்’ என்றே அழைத்தார்கள். ஒரு வீடு என்றால் ஒரு சிந்தனைப் பள்ளி. அப்பன் தொழிலைப் பிள்ளை தொடர்வதுபோல, ஆசானின் கருத்தை மாணவன் தொடர்வான். வீட்டைக் குறித்த சொல் மெல்ல மெல்ல அந்த வீட்டைச் சேர்ந்த ஆளையும், அதில் தேர்ந்தவரையும் குறிக்கத் தொடங்கியது. நமக்கு இது புதிதல்ல. இந்துஸ்தானி இசையில் ‘கரானா’ என்கிறார்களே, குவாலியர் கரானா, கிரானா கரானா என்று, அதன் வேரும் வீட்டைக் குறிக்கும் ‘கர்’தான். ஆனால் இந்தியில் அந்தச் சொல் மரபோடு நின்றுவிட்டது, பாடகரைக் ‘கரானா’ என்று யாரும் கூப்பிடுவதில்லை. சீனமும் ஜப்பானியமும் அந்த அடுத்த அடியையும் எடுத்துவைத்தன.

இன்று ஜப்பானியத்தில் ‘கா’ போட்ட சொற்கள் ஏராளம். ஓவியர் ‘ககா’. எழுத்தாளர் ‘சக்கா’. இசைக்கலைஞர் ‘ஒங்காகுகா’. கட்டடக் கலைஞர் ‘கென்சிகுகா’. மங்கா படிக்கும் பிள்ளைகளுக்கு ‘மங்காகா’ என்ற சொல் தெரிந்திருக்கும், அதை வரைகிறவர். எல்லாம் ஒரே எழுத்து, எல்லாரும் ஏதோ ஒரு துறையில் காலூன்றியவர்கள்.

இதன் அழுத்தம் புரிய, ‘கா’ வராத இடங்களையும் பார்க்க வேண்டும். மருத்துவர் ‘இஷா’, பத்திரிகையாளர் ‘கிஷா’. இரண்டிலும் ஈற்றில் வருவது, வெறுமனே ‘அதைச் செய்பவர்’ என்ற பொருள் தரும் ‘ஷா’. நிறுவன ஊழியர் ‘கைஷாஇன்’. அந்த ‘இன்’ உறுப்பினரைக் குறிக்கும். பாடகர் ‘கஷு’. சூமோ மல்லர் ‘ரிகிஷி’. ரொட்டிக் கடையும் கடைக்காரரும் ‘பான்யா’. அந்த ‘யா’வில் கடை வாசனை வீசும். ‘கா’, ‘யா’ என்ற இரண்டு ஈறுகளை வைத்து ஜப்பானியர் நன்றாகக் கேலி செய்வார்கள். அரசியல்வாதி ‘செய்ஜிகா’. அவரையே மட்டம் தட்ட வேண்டுமானால் ‘செய்ஜியா’ என்பார்கள். அரசியலைக் கடையாக நடத்துகிறவர் என்று பொருள். ஓர் ஈறு மாறினால் ஆள் மேடையிலிருந்து கல்லாப்பெட்டிக்கு இறங்கிவிடுகிறார்.

தமிழிலும் இந்த நுட்பம் உண்டு. கடைக்காரர், பால்காரர் என்னும்போது வரும் ‘-காரர்’ வேறு. எழுத்தாளர், பேச்சாளரில் வரும் ‘-ஆளர்’ வேறு. கவிஞர், கலைஞர், அறிஞரில் வரும் ‘-ஞர்’ வேறு. பாட்டுக்காரர் என்றால் ஒரு தொனி, இசைக்கலைஞர் என்றால் இன்னொரு தொனி. ஜப்பானிய ‘கா’ பெரும்பாலும் நம் ‘-ஞர்’ பக்கம் சாய்வது. ஒலியில் ‘ஜூடோகா’வும் ‘ஜூடோக்காரர்’-உம் பக்கத்தில் நிற்பது தற்செயல், பொருளில் சற்று எட்டத்தான் நிற்கின்றன. நாலு வரி எழுதியவர் தன் பெயருக்கு முன்னால் தானே ‘கவிஞர்’ என்று போட்டுக்கொண்டால் ஊர் எப்படிப் பார்க்கும் என்று நமக்குத் தெரியும். வெள்ளை பெல்ட் ‘ஜூடோகா’வைப் பார்த்து ஜப்பானியர் உள்ளுக்குள் சிரிப்பதும் அந்தச் சிரிப்புதான்.

‘கா’வுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தொழிலே இல்லாத இடத்திலும் அது வரும். எந்நேரமும் பாடுபடுகிறவர் ‘தொர்யோகுகா’. புத்தகமும் கையுமாக இருப்பவர் ‘தொகுஷோகா’. மனைவியை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறவர் ‘ஐசைகா’. மனைவிக்குப் பயந்தவர் ‘க்யோசைகா’! பயப்படுவதில் யாரும் பட்டம் வாங்குவதில்லை. அந்தக் குணம் ஆளின் அடையாளமாகவே ஆகிவிட்டது என்பதைத்தான் இங்கே ‘கா’ சொல்கிறது. ஓவியர், இசைக்கலைஞர் சொற்களிலும் இந்தச் சாயல் ஒளிந்திருக்கிறது. ஆக, ஜூடோகா என்பதில் திறமை மட்டும் இல்லை. அந்த ஆளைப் பற்றிப் பேசினால் முதலில் ஜூடோதான் நினைவுக்கு வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் சேர்ந்தே இருக்கிறது.

சரி, எப்போது ஒருவர் ஜூடோகா ஆகிறார்? பழைய மரபில் நான்காம் டானையோ (டான் என்பது ஜூடோவின் தரவரிசைப் படி) அதற்கு மேலோ எட்டியவரைத்தான் அப்படி அழைத்தார்கள் என்று ஜூடோ வட்டாரத்தில் சொல்வார்கள். அதற்குக் கீழே இருப்பவர் ‘கென்க்யூசேய்’. கென்க்யூ என்றால் ஆராய்ச்சி, ஆழ்ந்து கற்றல். சேய் என்றால் மாணவர். இதே சொல்லை இன்று ஜப்பானியப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு மாணவர்களுக்கும் பயன்படுத்துகிறார்கள், ஏகேபி 48 மாதிரியான பாப் குழுக்களில் இன்னும் முழு உறுப்பினர் ஆகாத பயிற்சிப் பெண்களுக்கும் பயன்படுத்துகிறார்கள். கற்றுக்கொண்டிருப்பவர் என்ற பொருள் மட்டும் எங்கும் மாறவில்லை.

இங்கே டான் முறையைப் பற்றி இரண்டு வார்த்தை. டான் என்றால் படி. ‘கோ’ என்ற பலகை ஆட்டத்தில் இருந்த தரவரிசையை எடுத்துத் தற்காப்புக் கலைக்குள் கொண்டுவந்தவர் கானோதான். 1883இல் தொமிதா, சைகோ என்ற இரண்டு மாணவர்களுக்கு முதல் டான் கொடுத்தார். டான் இல்லாதவர் ‘முதான்ஷா’, இருப்பவர் ‘யூதான்ஷா’. முதல் ஐந்து டான் வரை கறுப்பு பெல்ட், ஆறிலிருந்து எட்டு வரை சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் பெல்ட், ஒன்பதும் பத்தும் சிவப்பு. நம்மூரில் பிளாக் பெல்ட் என்றால் எல்லாம் முடித்தவர் என்று நினைப்போம். ஜப்பானியத்தில் முதல் டானுக்கு ‘ஷோதான்’ என்று பெயர், ‘ஷோ’ என்றால் தொடக்கம். கறுப்பு பெல்ட் கட்டியவர் பாடத்தைத் தொடங்கத் தகுதி பெற்றவர், அவ்வளவுதான். அப்படிப் பார்த்தால், நான்காம் டான் வரை ‘கா’வுக்குக் காத்திருக்கச் சொன்னது ஒன்றும் கஞ்சத்தனம் இல்லை. அந்த இடத்துக்கு வருவதற்குள் போட்டியும் பயிற்சியும் கற்றுக்கொடுப்பதுமாகப் பல ஆண்டுகள் ஓடியிருக்கும்.

இதை எழுதிவைத்த சட்டம்போல எடுத்துக்கொள்ள வேண்டாம். பேச்சு வழக்கின் மரியாதை அது. இன்றைய ஜப்பானியப் பத்திரிகைகளும் கலைக்களஞ்சியங்களும் பெயர் பெற்ற ஜூடோ ஆட்களை வயது பார்க்காமல் ஜூடோகா என்று எழுதுகின்றன. பிறர் ஒருவரைப் பற்றி எழுதும்போது தடையில்லை. தன்னைத் தானே சொல்லிக்கொள்ளும்போதுதான் தயக்கம். ஜப்பானில் ஜூடோ பழகும் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள், “ஜூடோ ஓ யத்தே இமாஸ்” என்பார். ஜூடோ செய்துகொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

ஃபுகுடா பெயரை நினைவில் வைக்கச் சொன்னேன். அந்த ஃபுகுடாவின் பேத்தி கெய்கோ 1913இல் பிறந்தவர். தன் பழைய ஆசானின் பேத்தி என்ற முறையில் கானோவே அவரை ஜூடோவுக்கு அழைத்தார். 1935இல் கோடோகானின் பெண்கள் பிரிவில் சேர்ந்தார். 1953இல் ஐந்தாம் டான் கிடைத்தது. அதோடு கதவு சாத்தப்பட்டது. பெண்களுக்கு அதற்கு மேல் கிடையாது என்பதுதான் அன்றைய நடைமுறை. ஆறாம் டான் வர 1972 ஆயிற்று. 2006இல் கோடோகான் ஒன்பதாம் டான் தந்தது. 2011இல், 98 வயதில், அமெரிக்க ஜூடோ அமைப்பு பத்தாம் டான் அளித்தது. 2013இல் சான் பிரான்சிஸ்கோவில் காலமானார். கானோவிடம் நேரடியாகக் கற்றவர்களில் கடைசியாக வாழ்ந்தவர் அவர். வேடிக்கை என்னவென்றால், ‘கா’ என்ற ஈற்றுக்கு ஆண் பெண் பேதமே கிடையாது. சொல் விட்ட இடத்தைத் தரவரிசைதான் விடாமல் பிடித்துவைத்திருந்தது.

பயிற்சிக்கூடத்துக்குள் போனால் இன்னொன்று தெரியவரும்: அங்கே யாரும் யாரையும் ஜூடோகா என்று கூப்பிடுவதில்லை. ஆசிரியர் ‘சென்செய்’, நம்மூர்க் கராத்தே வகுப்பில் ‘மாஸ்டர்’ என்கிறோமே, அந்த இடத்தில். முன்னால் சேர்ந்தவர் ‘செம்பாய்’, பின்னால் சேர்ந்தவர் ‘கோஹாய்’. இருவர் சேர்ந்து ஒரு வீச்சைப் பழகும்போது வீசுகிறவர் ‘தோரி’, விழுகிறவர் ‘உகே’. உகே என்றால் ஏற்பவர். அடுத்த முறை இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். இது பட்டமும் இல்லை, தரமும் இல்லை, அந்த நிமிடத்து வேலை. போட்டி மேடைக்குப் போனால் வர்ணனையாளர் வீரரின் குடும்பப் பெயரோடு ‘செஞ்ஷு’ என்று சேர்ப்பார். 2021 ஜூலை 25 அன்று தோக்கியோ ஒலிம்பிக்கில் அபே ஹிஃபுமியும் அவர் தங்கை உதாவும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். இருவருமே அங்கே ‘அபே செஞ்ஷு’தான். தேர்ந்தெடுக்கப்பட்ட ஆள், அதாவது போட்டியாளர் என்று பொருள். நாம் ‘வீரர்’ என்று சொல்லும் இடம் இது.

புதிதாகச் சேர்ந்தவர் முதலில் கற்பது உகேயின் வேலையைத்தான். அதற்கு ‘உகேமி’ என்று பெயர், விழும் கலை. பின்பக்கமாக விழும்போது முகவாயை நெஞ்சோடு ஒட்டி, கண்ணைத் தன் பெல்ட் முடிச்சில் வைக்க வேண்டும். அப்போதுதான் பின்னந்தலை பாயில் மோதாது. முதுகு பாயைத் தொடும் அதே நொடியில் இரண்டு கைகளாலும், உள்ளங்கை கீழ்நோக்கி, பாயை ஓங்கி அறைய வேண்டும். கை உடம்பிலிருந்து சற்று விலகி இருக்கட்டும். தோள் உயரத்துக்கு விரித்தால் தோள் அடிவாங்கும், உடம்பை ஒட்டிவைத்தால் அறைந்த பயன் இல்லை. முழங்கையை மட்டும் முதலில் ஊன்றிவிடக் கூடாது. கூடம் முழுக்க ‘படார் படார்’ என்று சத்தம் கேட்கும். புதிதாக வந்தவருக்கு வாரக்கணக்கில் இதே வேலைதான். பலர் இந்தக் கட்டத்தில் சலித்துப்போய் நின்றுவிடுவார்கள். தாண்டி வந்தவருக்கு அப்புறம் விழப் பயம் இருக்காது, பயமில்லாத உடம்பைத்தான் வீசக் கற்றுத்தர முடியும்.

ஜூடோ என்ற சொல் ஒட்டிய இன்னொரு பெயரும் ஜப்பானில் தெருவுக்குத் தெரு கண்ணில் படும். ‘ஜூடோ செய்ஃபுகுஷி’ என்று பலகை மாட்டியிருப்பார்கள். பார்த்துவிட்டு ஜூடோ கற்றுத்தரும் இடம் என்று உள்ளே போனால், அங்கே சுளுக்குக்கும் மூட்டு நழுவலுக்கும் கட்டுப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அரசு உரிமம் பெற்ற எலும்புக்கட்டு வல்லுநர்கள் அவர்கள். கானோ தன் ஆசானைத் தேடிப் போன அந்தப் பழைய தொழிலின் இன்றைய வடிவம் இது. இவர்களுக்கு ஈறு ‘கா’ இல்லை, ‘ஷி’. உரிமம் இருந்தால் போதும், ‘ஷி’ ஒட்டிக்கொள்ளும். ‘கா’வுக்கு உரிமம் தரும் அலுவலகம் எங்கும் இல்லை.

வெளிநாட்டுக்குப் போன பிறகு சொல்லின் எடை குறைந்ததில் ஆச்சரியம் இல்லை. கானோவின் மாணவர்கள் 1900களின் தொடக்கத்திலேயே கடல் தாண்டினார்கள். யமஷிதா 1904இல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கே கற்றுக்கொடுத்தார். தாகூரின் அழைப்பில் 1929இல் தகாகாகி ஷின்ஸோ சாந்திநிகேதனுக்கு வந்தார். 1930களில் கவாய்ஷி பிரான்சில் பள்ளி அமைத்தார். பெல்ட்டுக்கு மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று வண்ணங்கள் பரவியதில் அவர் பங்கு பெரிது. ஐரோப்பிய மொழிகளுக்குத் தேவைப்பட்டது, டென்னிஸ் ஆடுகிறவருக்கு ஒரு சொல் இருப்பதுபோல ஜூடோ ஆடுகிறவருக்கும் ஒரு சொல். கையில் கிடைத்தது ‘ஜூடோகா’. அதற்குள் வீடு இருக்கிறது, மரபு இருக்கிறது என்றெல்லாம் அவர்கள் கவலைப்படவில்லை. 1951இல் சர்வதேசக் கூட்டமைப்பு உருவாகி, 1964இல் ஒலிம்பிக்கிலும் ஜூடோ சேர்ந்த பிறகு, இந்தப் புதுப்பொருள்தான் உலகம் எங்கும் நிலைத்தது. கராத்தேகா, ஐகிடோகா என்பதெல்லாம் அதே வழியில் பரவியவை. இதைச் சிதைவு என்று திட்டுகிறவர்கள் உண்டு, நான் அந்தக் கட்சி இல்லை. கடன் வாங்கிய சொல் வந்த ஊரின் வேலையைத்தான் செய்யும். மூலத்தில் என்ன பொருள் என்று தெரிந்துவைத்துக்கொண்டால், ஜப்பானிய ஆசிரியர் முன்னால் அசட்டுத்தனமாகப் பேசாமல் தப்பிக்கலாம்.

தமிழில் எழுதும்போது எதைப் போடுவது? போட்டிச் செய்திக்கு ‘ஜூடோ வீரர்’, ‘வீராங்கனை’ என்பதே போதும், படிப்பவருக்குச் சட்டென்று புரியும். ஆனால் எழுபது வயதில், போட்டி எல்லாம் விட்டு, காலையும் மாலையும் பாயோரம் நின்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் ஒருவரை ‘வீரர்’ என்பது பொருந்தவில்லை. அவருக்கு ‘ஜூடோகா’ அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கும். ஜப்பானியத்தில் இதற்குப் பன்மை கிடையாது, ஒருவரானாலும் நூறு பேரானாலும் ஜூடோகாதான். தமிழில் ‘ஜூடோகாக்கள்’ என்று எழுதினால் உறுத்தாது. கிரந்தம் வேண்டாம் என்பவர்கள் ‘யூடோ’ என்று எழுதுகிறார்கள். அவர்கள் ‘யூடோகா’ என்று போடலாம், பொருள் கெடாது.

கடைசியாக ஒரு சின்ன எச்சரிக்கை. ஜப்பானியப் பேச்சில் வாக்கியத்தின் இறுதியில் ‘கா’ வந்தால் அது கேள்வி, தமிழில் நாம் ‘ஆ’ போடுவதுபோல. ஜப்பானியர் ஒருவர் குரலை உயர்த்தி “ஜூடோ கா?” என்றால், அவர் உங்களைப் பாராட்டவில்லை. “ஜூடோவா?” என்று கேட்கிறார்.